இல்லம் காலியாகும் பண்டிகை

பிஷோஃப்து, எத்தியோப்பியா
2018 டிசம்பர் 16, ஞாயிறு

அட்வெந்து மூன்றாம் ஞாயிறு. பாளையங்கோட்டையில் இந்நேரம் தெருவுக்குத் தெரு ஸ்டார் கட்டியாகியிருக்கும். கேரல் ரவுண்ட்ஸ் போகிற வாலிபர்களுக்குத் தொண்டை கட்டியிருக்கும். அம்மா முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுத்துக்கொண்டிருப்பாள். இங்கே அந்தச் சத்தம் எதுவும் இல்லை. எத்தியோப்பியத் திருச்சபைக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7-ஆம் தேதிதான், கெனா என்கிறார்கள். அதுவரை நாற்பது நாளுக்கு மேல் நோன்பு. இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் ஒன்றும் அடுப்படிக்குள் வராது. சின்னப் பிள்ளைகளுக்கு விலக்கு உண்டு. நான் ஊழியம் செய்கிற இந்தப் பிள்ளைகள் இல்லத்தின் பெரிய பெண்களோ ஒரு நாளும் விடுவதில்லை. கொண்டைக்கடலை மாவில் காய்ச்சிய ஷிரோ குழம்பும் இஞ்செரா அப்பமுமாகவே ஓட்டுகிறார்கள்.

வெளியிலிருந்து ஊழியத்துக்கு வருகிறவர்களுக்கு டிசம்பர் 25 அன்றே கேக் வெட்டி, பிள்ளைகளுக்குச் சிவப்புத் தொப்பி மாட்டிவிட ஆசை வரும். நான் அதற்கு இடங்கொடுப்பதில்லை. அக்சும் மன்னன் எசானா கிறிஸ்துவை ஏற்றது நான்காம் நூற்றாண்டில். அன்றிலிருந்து வழிவழியாகக் கிறிஸ்துவைத் தொழுதுவருகிற ஜனத்தின் பிள்ளைகள் இவர்கள். இவர்களுடைய பண்டிகையில் எனக்கும் ஓர் இடம் கிடைத்தால் போதும்.

டிசம்பர் 19, புதன்

நாள் முழுக்க ஃபைல்களோடு போயிற்று. கெனாவுக்கு எந்தப் பிள்ளை எந்த வீட்டுக்குப் போகலாம் என்று சமூகப் பணியாளரும் நானும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இங்கே இருக்கிறவர்களில் பெரும்பாலோருக்குப் பாட்டியோ சித்தியோ மாமாவோ உயிரோடு இருக்கிறார்கள். தகப்பன் இருக்கிற பிள்ளைகளும் உண்டு. மழை பொய்த்த ஒரு வருஷம், வீட்டுக்குள் வந்த காசநோய், வாடகை கொடுக்க வழியில்லாத ஒரு மாதம்: இப்படித்தான் பலர் இங்கே வந்து சேர்ந்தார்கள்.

பிள்ளைக்கு முதலில் குடும்பம், வேறு வழியே இல்லாவிட்டால்தான் இல்லம் என்பதை 2009-இல் ஐ.நா. பொதுச்சபை நெறிமுறையாகவே ஏற்றது. இந்த ஜனவரியில் எத்தியோப்பிய நாடாளுமன்றம், வெளிநாட்டார் இங்கே தத்தெடுப்பதைத் தடை செய்துவிட்டது. அது சரி என்பதே என் எண்ணம். ஆனால் சட்டம் வந்ததும் பாட்டி வீட்டுப் பானையில் மாவு நிறைந்துவிடாது. பிள்ளையோடு கூடவே மாசாமாசம் கொஞ்சம் பணமும் பள்ளிச் செலவும் போக வேண்டும். கட்டிலுக்கும் கட்டடத்துக்கும் காணிக்கை தருகிறவர்கள் அநேகர். பாட்டிக்கு ஓர் ஆடு வாங்கித் தர முன்வருகிறவர்கள் குறைவு. ஊருக்கு எழுதும் ஜெபக்கடிதத்தில் இந்த முறை ஆட்டைத்தான் கேட்டிருக்கிறேன்.

மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1895-இல் இந்தியாவுக்கு வந்தவர், 1951-இல் டோனாவூரிலேயே கண்ணை மூடும்வரை தன் நாட்டுக்குத் திரும்பவில்லை. அந்தக் கதையைக் கேட்டுத்தான் எனக்கு ஊழியத்தில் வாஞ்சை வந்தது. கோயிலுக்குப் பொட்டுக்கட்ட இருந்து, அவர் மீட்டெடுத்த சிறுமிகளுக்கு அன்று திரும்பிப்போக வீடில்லை. அம்மையாரே வீடாக இருக்க வேண்டியிருந்தது. இங்கே நிலைமை வேறு. இந்தப் பிள்ளைகளைப் பத்திரமாக வீடு சேர்க்கத்தான் கர்த்தர் என்னை இங்கே வைத்திருக்கிறார்.

டிசம்பர் 25, செவ்வாய்

எத்தியோப்பிய நாள்காட்டியில் இன்று தஹ்சாஸ் மாதம் 16, ஆண்டு 2011. வழக்கம்போலப் பள்ளிக்கூடம். விடியுமுன் அறையில் உட்கார்ந்து லூக்கா இரண்டாம் அதிகாரத்தைத் தமிழில் சத்தமாக வாசித்தேன். அம்மா போனில் வந்தாள், கொஞ்சம் அழுதாள்.

பொம்மைகளோடு வந்து, இரண்டு மணி நேரம் பிள்ளைகளைக் கொஞ்சி, படம் எடுத்துக்கொண்டு போகலாமா என்று ஒரு குழு கேட்டிருந்தது. வேண்டாம் என்று எழுதிவிட்டேன். எங்கள் மூன்று வயதுக்காரி யார் மடியிலும் ஏறிக்கொள்வாள். வண்டி கிளம்பியதும் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டாள். ராத்திரி சாப்பாடு இறங்காது. அதைப் பார்த்தவர்கள் இன்னொரு முறை அனுமதிக்க மாட்டார்கள்.

டிசம்பர் 29, சனி

பத்து வயதுப் பையன் ஒருவனுடைய அம்மா எரித்திரியாக்காரி. 1998-இல் இரண்டு நாட்டுக்கும் போர் மூண்டபின் அஸ்மாராவுக்குப் போன் இல்லை, விமானம் இல்லை. இவன் அம்மா இறந்தது அங்கே இருக்கிற அக்காவுக்குத் தெரியாது. பெரியம்மா ஒருத்தி உண்டு என்பதே இவனுக்குத் தெரியாது. இந்த ஜூலையில் சமாதானம் ஆகி லைன் திறந்தது. பழைய பக்கத்து வீட்டுக்காரி, தன் நோட்டில் இருந்த அஸ்மாரா நம்பரை எங்கள் சமூகப் பணியாளரிடம் கொண்டுவந்து கொடுத்தாள்.

இன்று அந்தப் பெரியம்மா பேசினார். கெனாவுக்கு வருகிறாராம். பையன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "உங்க முகம் எனக்குத் தெரியாதே, எப்படிக் கண்டுபிடிப்பேன்?" என்றான். மறுமுனையில் பதில் வர வெகுநேரம் ஆயிற்று.

ஜனவரி 5, சனி

காலையிலிருந்து கேட் சாத்தவே இல்லை. மாமா ஒருவர் மினிபஸ்ஸில் வந்தார். பாட்டி ஒருத்தி குதிரைவண்டியில் வந்து, பேத்தியின் கன்னத்தில் மாற்றி மாற்றி முத்தம் வைத்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு பிள்ளையோடும் தெஃப் தானிய மாவு, எண்ணெய், புதுத்துணி, திரும்பும் தேதி எழுதிய சீட்டு. போகிற பிள்ளைகளைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறைந்தது. போக இடமில்லாதவர்கள் வராந்தாவில் நின்று பார்ப்பதை மட்டும் தாங்க முடியவில்லை. அவர்களைச் சமையலுக்குக் கூப்பிட்டுக்கொண்டேன். மலைபோல வெங்காயம் உரிக்க வேண்டும். கோழிக்குழம்புக்கு, தோரோ வொத்துக்கு, முதலில் எண்ணெய் விடாமல் வெங்காயத்தை மட்டும் கரைய வதக்கி, பெர்பெரே மிளகாய்ப்பொடியை அப்புறம்தான் போடுவார்கள். இஞ்செரா மாவு நம் ஆப்ப மாவு போலப் புளித்துப் பொங்கி நிற்கிறது.

ஜனவரி 7, திங்கள்

நேற்று இரவு எல்லாரும் வெள்ளை நெதெலா சால்வை போர்த்திக்கொண்டு ஆலயத்துக்குப் போனோம். முரசும் கிலுகிலுப்பைக் கருவியும் சாம்பிராணிப் புகையுமாக ஆராதனை நடுநிசி தாண்டியும் நீண்டது. சின்னவன் என் தோளிலேயே தூங்கிவிட்டான்.

விடிந்ததும் கூடத்தில் பச்சைப் புல் பரப்பினோம். ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். பெரியம்மா நேற்றே வந்துவிட்டார். முகத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. விமான நிலையத்தில் அவர்தான் முதலில் இவனைக் கண்டு, தன் தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இப்போது இஞ்செராவைக் கிழித்து, குழம்பில் தோய்த்து, முட்டைத் துண்டு ஒன்றையும் சேர்த்துச் சுருட்டி அவன் வாயில் ஊட்டினார். இப்படி ஊட்டும் கவளம், குர்ஷா, பெரிதாக இருந்தால்தான் பிரியம் பெரிது என்பார்கள் இங்கே. அவனுக்கு வாய் மூடவில்லை. மென்று முடித்ததும் தானும் ஒன்று சுருட்டி அவருக்கு ஊட்டினான். அடுத்ததைப் பக்கத்தில் இருந்த மூன்று வயதுக்காரிக்குக் கொடுத்தான்.

மத்தியானம் பையன்கள் வளைந்த கம்போடு கெனா என்னும் ஆட்டம் ஆடப் போனார்கள். கிறிஸ்து பிறந்த சேதி கேட்டு மேய்ப்பர்கள் ஆடிய ஆட்டம் என்பது இங்குள்ள நம்பிக்கை. பெரியம்மா கேட் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "சிஸ்டர், இவனை நான் எப்போது கூட்டிப்போகலாம்?" என்றார். உடனே முடியாது, நாடு விட்டு நாடு என்பதால் மாதங்கள் ஆகும் என்றேன். ஆகட்டும், வீட்டில் ஒரு கட்டில் போடச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன் என்றார். நாளைக்கு மகளிர், குழந்தைகள் அலுவலகம் திறந்ததும் அவருடைய மனுவோடு முதல் ஆளாகப் போக வேண்டும். பையனின் பிறப்புச் சான்று, தாயின் இறப்புச் சான்று, பக்கத்து வீட்டுக்காரியின் வாக்குமூலம் எல்லாம் இரண்டு நகல் எடுத்து வைத்துவிட்டேன்.