கொட்டாங்குச்சியில் ஒரு சோப்பு

துவாக்குடிப் பட்டறை என்றதும் அந்தக் கொட்டாங்குச்சிதான் முதலில் நினைவுக்கு வரும். வாசலை ஒட்டிய தூணில் கம்பி கட்டித் தொங்கவிட்டிருப்பார் அப்பா. அதில் ஒரு சோப்புத் துண்டு, கீழே ஒரு வாளித் தண்ணீர். தூணைத் தாண்டினால் ஆக்சிஜன் சிலிண்டர்கள் கருகருவென்று, இடுப்பில் சங்கிலி கட்டி, சுவரோரம் வரிசையாக நிற்கும்.

திருச்சியில் பாய்லர் தொழிற்சாலை வந்த பிறகு துவாக்குடியைச் சுற்றி முளைத்த சிறு பட்டறைகளில் எங்களுடையதும் ஒன்று. கோடை விடுமுறையில் மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போவது என் வேலை. எனக்கு ஒன்பது வயதிருக்கும். அன்று அம்மா தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னி அனுப்பியிருந்தாள். சடை நுனியை முறுக்கிக்கொண்டே போனவள், பளபளவென்று மின்னிய பித்தளை ரெகுலேட்டரைத் தொடக் கை நீட்டினேன்.

"பாப்பா!"

அப்பா போட்ட சத்தத்தில் கேஸ் கட்டிங் டார்ச் பிடித்திருந்த அண்ணன்கூட வேலையை நிறுத்திவிட்டார். ஒருநாளும் கை ஓங்காத அப்பா, என் மணிக்கட்டைப் பிடித்து வாளிக்கு இழுத்துப் போனார். இரண்டு கைக்கும் சோப்புப் போட்டு, முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டார். "எண்ணெய்க் கையோட ஆக்சிஜன் பக்கம் வரவே கூடாதும்மா" என்றார். ஏன் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. வீடு வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன்.

பாலிடெக்னிக்கில் படிக்கும்போதுதான் விஷயம் புரிந்தது. ஆக்சிஜன் தானாக எரியாது. மற்றதை எரிய வைக்கும். 47 லிட்டர் தண்ணீர் பிடிக்கிற கூட்டுக்குள் 7,000 லிட்டர் ஆக்சிஜனை அடைத்திருக்கிறார்கள். உள்ளே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 150 கிலோ அழுத்தம். வால்வைச் சட்டென்று திறந்தால் அத்தனை அழுத்தமும் ரெகுலேட்டரின் குறுகிய வாய்க்குள் பாய்ந்து, அங்கிருக்கும் வாயுவை நசுக்கிச் சூடாக்கிவிடும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுமே, அதே சூடுதான், பன்மடங்காக. அங்கே ஒரு துளி எண்ணெயோ கிரீஸோ இருந்தால் குப்பென்று பற்றிக்கொள்ளும். சுத்த ஆக்சிஜனில் சூடேறிய இரும்பே எரியும். கேஸ் கட்டிங் நடப்பதே அந்த வித்தையில்தான். அப்பா எப்போதும் மீட்டருக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி, குழந்தையை எழுப்புகிற மாதிரி வால்வை மெல்ல மெல்லத் திறந்தது ஏன் என்பதும் அந்த வகுப்பில்தான் எனக்கு விளங்கியது.

ஆக்சிஜன் ஒரு பக்கம் என்றால், எதிர்ப்பக்கம் மெரூன் நிறத்தில் டி.ஏ. சிலிண்டர்கள். டி.ஏ. என்றால் கரைந்த அசிட்டிலீன் என்று பட்டறையில் யாருக்கும் தெரியாது. பெயர் மட்டும் எல்லார் வாயிலும் உண்டு. அதன் பக்கம் போனாலே பூண்டு வாசம். வீட்டில் அம்மா ரசத்துக்குப் பூண்டு தட்டும்போது எனக்கு இன்றும் பட்டறை ஞாபகம் வரும். அப்பாவுக்கு அந்த வாசம் எச்சரிக்கை மணி. மூக்கில் பட்டால் உடனே இணைப்பெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவி, எங்கே நுரை கிளம்புகிறது என்று பார்ப்பார். தீக்குச்சி கொளுத்திப் பார்த்த ஒரு பையனை அன்றே வேலையை விட்டு அனுப்பினார்.

அசிட்டிலீனை வெறும் கூட்டில் அழுத்தி அடைக்க முடியாது. தீ இல்லாமலே வெடித்துவிடும். அதனால் உள்ளே நுண்துளைகள் நிறைந்த ஒரு பொருளை நிரப்பி, அதில் அசிட்டோனை ஊறவைத்து, அந்த அசிட்டோனில் வாயுவைக் கரைத்து வைக்கிறார்கள். சிலிண்டரைப் படுக்கப்போட்டுத் திறந்தால் வாயுவோடு அசிட்டோனும் வந்துவிடும். "டி.ஏ.வைப் படுக்கவைக்காதே" என்று அப்பா ஓயாமல் சொன்னதற்கு அதுதான் காரணம்.

இந்த ஏற்பாட்டைச் செம்மைப்படுத்தியவர்களில் ஒருவர் ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்தாஃப் டாலேன். கலங்கரை விளக்கங்களுக்கு அசிட்டிலீன் கொண்டு ஒளி கொடுத்தவர். 1912இல் சிலிண்டர்களைச் சோதித்துக்கொண்டிருந்தபோது நேர்ந்த வெடிப்பில் இரண்டு கண்ணும் போயின. அதே ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது; அவர் சார்பில் அதை வாங்கிக்கொண்டவர் கண் மருத்துவரான அவருடைய சகோதரர். கல்லூரி நூலகத்தில் அதைப் படித்த அன்று வெகுநேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் பட்டறையில் மெரூன் நிறத்தில் நிற்கும் அந்தக் கூட்டுக்குள் ஒருவருடைய பார்வை போயிருக்கிறது.

சங்கிலி விஷயத்துக்கு வருகிறேன். லோடு இறக்குகிறவர்கள் பழைய டயரைத் தரையில் போட்டு, வண்டியிலிருந்து சிலிண்டரை அதன்மேல் தள்ளிவிடுவார்கள். எங்கள் வாசலில் அப்பா அதை அனுமதித்ததில்லை. இரண்டு பேர் பிடித்துத்தான் இறக்க வேண்டும், வால்வுக்கு மூடி இருக்க வேண்டும், வைத்த கையோடு சங்கிலி மாட்ட வேண்டும். காலி சிலிண்டருக்கும் அதே மரியாதைதான். வால்வை மூடி, மூடி போட்டு, தனி வரிசையில் நிற்கும். அக்கம்பக்கத்துப் பட்டறைகளில் இதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. பிறகு ஒரு பட்டறையில் மூடியில்லாத ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று சரிந்து விழுந்து வால்வு முறிந்தது. சீறிக்கொண்டு முற்றம் முழுக்க உருண்டு, சுற்றுச்சுவரை உடைத்துக்கொண்டு வெளியே போய் நின்றது. சாப்பாட்டு நேரம் என்பதால் ஆள் தப்பியது. அந்தச் சுவர் ஓட்டையை அப்பா என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். ஒன்றும் சொல்லவில்லை.

கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021 ஏப்ரல் 22 முதல், சில அவசியத் தொழில்களைத் தவிர மற்ற எவற்றுக்கும் ஆக்சிஜன் கிடையாது என்று மத்திய அரசு நிறுத்தியது. பட்டறை ஓய்ந்தது. மே மாதம் அப்பாவுக்கே அந்த நோய் வந்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது, கருப்பு உடம்பும் வெள்ளைத் தோளுமாக மருத்துவ ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று கூடவே வீட்டுக்கு வந்தது. தம்பி பட்டறையிலிருந்து சங்கிலி கொண்டுவந்து ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டினான். அம்மா கூடத்துச் சாமி விளக்கைப் பின்கட்டுக்கு மாற்றினாள். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றார் டாக்டர். மூக்கில் குழாயோடு அப்பா காலண்டர் தாளில் கணக்குப் போட்டார்: 7,000 லிட்டர், 3,500 நிமிடம், 58 மணி நேரம். 50ஆவது மணி நேரத்திலேயே அடுத்த சிலிண்டர் வந்துவிட வேண்டும் என்று அடியில் கோடு கிழித்தார்.

இரண்டாம் நாள் ராத்திரி அவர் உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. அம்மா பதறிப்போய்த் தேங்காய் எண்ணெயை விரலில் தொட்டுக்கொண்டு வந்தாள். அப்பா கையை உயர்த்தித் தடுத்தார். பேச மூச்சில்லை. சிலிண்டரைக் காட்டினார், அவள் விரலைக் காட்டினார். அம்மாவுக்குப் புரியவில்லை, தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்தாள். எனக்குப் புரிந்தது. அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக் குழாயடிக்கு அழைத்துப் போய், இரண்டு கைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டேன். திரும்பி வந்து துணியைத் தண்ணீரில் நனைத்து அப்பாவின் உதட்டில் ஒற்றினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்பா பிழைத்தார். பட்டறை இப்போது தம்பி கையில். கொட்டாங்குச்சி எத்தனையோ முறை மாறிவிட்டது. தூணும் இடமும் மாறவில்லை.

உங்கள் பட்டறையிலோ, நோயாளி இருக்கும் வீட்டிலோ ஆக்சிஜன் சிலிண்டர் நின்றால், அதை நிமிர்த்தி நிறுத்திச் சங்கிலி போடுங்கள். விளக்கையும் ஊதுபத்தியையும் வேறு அறைக்கு மாற்றுங்கள். பக்கத்தில் ஒரு சோப்பு வையுங்கள். தொடும் முன் கையைக் கழுவுங்கள்.