கடற்கரை கற்பித்த சொற்கள்

தமிழ் பயிற்றும் நாம் அன்றாட ஆங்கிலச் சொற்களைக் கற்றது ஆசிரியரிடம் அன்று, லிப்கோ அகராதியிடம். உரச்சாக்கிலும் மருந்துப் புட்டியிலும் கண்ட சொல்லைக் குறித்துவைத்து, இரவில் பொருள் தேடுவோம்.

2022இல் ஒரு மாலை, மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து எக்கியார்குப்பம் சென்றோம். நமது கட்டுமரமே ‘கேட்டமரன்’ என ஆங்கில அகராதியில் ஏறியதை மீனவப் பெரியவர் ஒருவரிடம் பெருமையுடன் உரைத்தோம்.

“எங்க சொல்லு அவங்க புத்தகத்துல ஏறிடுச்சு. அவங்க சொல்லு எங்களுக்கு எப்ப வெளங்கும், பாய்?” என்றார். விடை கூற இயலவில்லை.

2023 மே திங்களில் அவ்வூரில் மெத்தனால் கலந்த சாராயம் பத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. எத்தனால் போதை தருவது. மெத்தனாலோ கண்ணையும் உயிரையும் பறிக்கும் ஆலை நஞ்சு. நிறமற்ற இவ்விரண்டும் பெயரில் முதலெழுத்தால் மட்டுமே வேறுபடுவன. நாமும் அச்சொல்லை அன்றுதான் நாளேட்டில் கற்றோம்.

சொல்லறிவு அவர்களைக் காத்திருக்கும் என்று கூறோம். கள்ளச்சாராயத்தில் பெயர் எழுதப்படுவதில்லை. ஆயின் பூச்சிமருந்துப் புட்டியில் பெயருண்டு, எச்சரிக்கையுமுண்டு.

மாணவச் செல்வங்களே! நாளுக்கொரு சொல் கற்பீர். அதனை அன்றிரவே வீட்டாருக்குத் தமிழில் விளக்குவீர். பெரியவரின் வினாவுக்கு நாமறிந்த விடை அதுவே.