பழைய வண்டி கற்பித்த பாடம்

மக்கள் ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொரு பித்து உண்டு என்பர். சிலர்க்கு நிலத்தின்மேற் பித்து. சிலர்க்குப் பொன்னின்மேற் பித்து. யான் கொண்ட பித்தோ பழைய மோட்டார் வண்டி ஒன்றன்மேல் எழுந்தது. 1974-ஆம் ஆண்டில் யான் நம் கல்லூரியிற் புகுமுக வகுப்பு மாணவனாய் இருந்த காலத்து, ஆசிரியர் ஒருவர் வெளிர்நீல நிற ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டியில் நாள்தோறும் வருவார். அவ்வண்டியின் முன்மூடி ஏனைய வண்டிகளிற்போலன்றி, விளக்குகளோடும் சக்கரக் காப்புகளோடும் ஒருசேர முன்புறமாய்த் திறந்துகொள்ளும். முதலை வாய் திறந்தாற்போன்ற அக்காட்சியைக் காண மரத்தடியிற் காத்து நின்ற மாணவருள் யானும் ஒருவன். அன்று கொண்ட ஆசை, யான் ஆசிரியத் தொழிலினின்று ஓய்வு பெற்றுக் காரைக்காலிற் குடியமர்ந்த பின்னர், 2019-இல்தான் கைகூடிற்று.

இவ்வண்டியின் வரலாற்றைச் சிறிது கூறுதல் பொருந்தும். இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு என்னும் பெயரால் வெளிவந்த இதற்கு உருவம் வகுத்தவர் மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். இதன் அடிச்சட்டத்தைக் குறுக்கியே 1962-இல் ஸ்பிட்பயர் என்னும் பந்தய வகை வண்டியையும் செய்தனர். நம் நாட்டில் 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனத்தார் இதனைச் செய்து விற்றனர். 948 கன சென்டிமீட்டர் அளவுடைய சிறு என்ஜின். தனியே நிற்கும் இரும்பு அடிச்சட்டம். பகுதி பகுதியாய்த் திருகாணியால் முடுக்கிய மேற்கூடு. சிறு முற்றத்திலும் திரும்பவல்ல முன்சக்கரங்கள். இவையே அதன் சிறப்பியல்புகள்.

யான் வாங்கியது 1968-ஆம் ஆண்டு வண்டி. பார்வைக்குப் புதிதாய் மின்னிற்று. ஆயினும் நாகூரில் நெடுங்காலம் மோட்டார் வேலை செய்து முதிர்ந்த பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் சென்றேன். அவரை நாங்கள் எல்லோரும் ‘பாய்’ என்றே அழைப்போம். அவர் பூச்சைக் கண்ணெடுத்தும் பார்த்திலர். தரையிற் படுத்து, அடியிற் புகுந்து, திருப்புளியின் கைப்பிடியால் அடிச்சட்டத்தை ஒவ்வோரிடமாய்த் தட்டினார். நல்ல இரும்பு கணீரென ஒலித்தது; பக்கத்தாங்கிகள் இரண்டு மட்டும் பழம்பானைபோல் மந்தமாய் ஒலித்தன. “ஐயா, வண்ணம் பூசிவிட்டால் துரு போய்விடாது, இவ்விரண்டையும் மாற்றியாக வேண்டும்” என்றார். அவ்வாறே மாற்றினோம். அதற்கான செலவு வாங்கிய விலையில் ஏறக்குறையப் பாதியாயிற்று. “யானை கட்டித் தீனி போடத் தொடங்கிவிட்டீர்கள்” என்றாள் என் மனையாள்.

காரைக்கால் கடற்கரையூர். இங்கு வீசும் உப்புக்காற்று இரும்புக்குப் பகை. ஆதலின் மழைக்காலம் கழிந்தவுடன் அடிப்பாகத்தை நன்னீராற் கழுவி, உலர்த்தி, சட்டத்தின் உட்குழிவில் எண்ணெய் தெளித்தல் வேண்டும். எரிநெய்யோடு இக்காலத்து எத்தனாலும் கலந்து வருதலால், பழைய ரப்பர்க் குழாய்கள் இளகி வெடிக்கும், அவற்றையும் மாற்றினோம். இனி, ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைத் தொன்மை வண்டிகளாய்ப் பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு தனிவிதி வகுத்தது. அங்ஙனம் பதிந்தால் கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்த்தல் முதலியவற்றுக்கன்றி அன்றாடம் ஓட்டலாகாது. எனக்கோ அதனைக் கடைத்தெருவுக்கும் ஓட்ட ஆசை. ஆதலின் தமிழ்நாட்டினின்று தடையில்லாச் சான்று பெற்றுப் புதுச்சேரி ஆட்சிப்பகுதியில் வழக்கமான முறையிலேயே பதிந்துகொண்டேன். தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். அங்கே மீண்டும் தமிழ்நாடு. இத்துணைச் சிறிய நிலப்பகுதியில் வாழ்வோர்க்கு எல்லை கடத்தல் அன்றாட நிகழ்ச்சியே.

இனி என் பிழையைக் கூறுவேன். வண்டியை ஒப்படைத்த நாளில் பாய் என்னிடம், “ஐயா, முன்சக்கரத்தின் கீழ்மூட்டில் எண்ணெய்தான் விடவேண்டும்; கிரீஸ் வைத்துவிடாதீர்கள்” என்று இருமுறை சொன்னார். யானோ பௌதிகம் பயின்று பிறர்க்கும் பயிற்றியவன். மூட்டுக்குக் கிரீஸ் இடுவது உலக வழக்கு. ஏட்டுக்கல்வி இல்லாதவர் ஏதோ மறந்து கூறுகின்றார் என எண்ணினேன். பழம்புத்தகக் கடையில் வாங்கிய வண்டியின் கையேடு என் அலமாரியிலேயே இருந்தது, அதனையும் புரட்டிலேன். மாதந்தோறும் கிரீஸ் துப்பாக்கியுடன் படுத்து, நிறைய அழுத்தி, தொழில் வல்லவன்போல் எழுந்து நிற்பேன்.

மூன்றாம் ஆண்டில் ஒருநாள் மாலை, நாகப்பட்டினத்தில் ஒரு திருமணத்துக்குச் சென்று மனைவியோடு திரும்பினேன். வழியெல்லாம் துறைமுகத்து நிலக்கரி லாரிகள். அவற்றினூடே வண்டியைச் சற்று விரைந்தே செலுத்திவந்தேன். எங்கள் தெருமுனையில் திரும்புவதற்கெனச் சக்கரத்தை ஒடித்தபொழுது ‘படார்’ என ஓர் ஓசை எழுந்தது. வண்டியின் இடப்புற மூக்கு தரையில் இடித்தது. இறங்கிப் பார்த்தேன். முன்சக்கரம் ஒடிந்த கால்போல் மடிந்து கிடந்தது. ஒருவர்க்கும் ஊறில்லை. என் மனையாள் நெடுநேரம் வாளா இருந்து, “அரைமணிக்கு முன்பு இது நடந்திருந்தால்?” என்று மட்டும் கேட்டாள். அதற்கு யான் விடை கூறிலேன்.

மறுநாள் வந்த பாய், ஒடிந்த இரும்பைத் துணியால் துடைத்துக் காட்டினார். எஃகுத் தண்டு ஒன்று மரைகளோடு வெண்கலக் குவளையினுள் இறங்கியிருக்கிறது. சக்கரம் திரும்புந்தோறும் அம்மரைகள் ஒன்றையொன்று உராய்கின்றன. மெல்லிய எண்ணெயானால் மரைதோறும் இறங்கி நீரைப் புறந்தள்ளும். கிரீசோ வாயிலிலேயே இறுகி நின்றுவிடும். மழைநீர் உள்ளே தங்கி, எஃகைக் கண்காணாது தின்னும். முறிவின் முக்காற் பங்கும் பழந்துருவாய்ச் சிவந்திருந்தது. காற்பங்கே புதுமுறிவாய் வெளுத்திருந்தது. அக்காற் பங்கே எங்களிருவரையும் நாகப்பட்டினத்தினின்று வீடுவரை கொண்டுவந்து சேர்த்தது. “பாய், நீங்கள் சொன்னீர்கள், யான் கேட்கவில்லை” என்றேன். அவர் சிரித்து, “கையேட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கும் ஐயா” என்றார். உள்ளே சென்று ஏட்டைத் திறந்தேன். அவ்வண்ணமே அச்சிடப்பட்டிருந்தது.

வண்டியை விற்றுவிடுவதாக மனைவியிடம் கூறினேன். அவளோ, “வண்டி என்ன செய்யும்? சொன்னதைக் கேட்டு ஓட்டினால் போதும்” என்றாள். இப்பொழுது மூன்று மாதத்திற்கொருமுறை இருபுற மூட்டுகளிலும் எண்ணெய் கசியும்வரை விடுகின்றேன். விட்ட நாளைச் சிறு குறிப்பேட்டிற் பதிந்துவைப்பவள் என் மனையாள். அதன்பின்னரே அவள் வண்டியில் ஏறுவாள்.

மாணவ அன்பர்களே, பழைய வண்டி வாங்க விரும்புவீராயின் வண்ணத்தைப் பாராது அடியைத் தட்டிப் பாருங்கள். அதனினும் முன்னதாக, படுத்து வேலை செய்து அறிந்த ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். அவர் இருமுறை சொல்வதை ஒருமுறையேனும் கேளுங்கள். பட்டம் பெற்ற யான் இவ்வெளிய பாடத்தைக் கற்க ஒரு சக்கரம் ஒடிய வேண்டியதாயிற்று.