முள் சொன்னதும் விளக்கு சொல்லாததும்

பம்பலப்பிட்டி ரயில் நிலையத்துக்குச் சற்று முன்னால், மரைன் டிரைவில், என் கொரோலா இரண்டு தரம் குலுங்கிவிட்டு நின்றுபோனது. ஒரு பக்கம் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். தள்ளிவிட வந்த இரண்டு ஓட்டோக்காரர்களில் ஒருவர் ஜன்னலால் எட்டிப் பார்த்து, "பெற்றோல் இல்லையே அண்ணை, முள்ளு காட்டுதே" என்றார்.

முள் ஈ என்ற எழுத்தில் கிடந்தது உண்மைதான். ஆனால் அது மாதக்கணக்காக அங்கேதான் கிடந்தது. பள்ளத்தில் விழுந்து எழும்பினால் பாதிவரை ஏறும், அடுத்த சந்தியில் மறுபடியும் படுத்துவிடும். அதை நம்புவதை விட்டு நான் பக்கத்திலிருந்த மஞ்சள் விளக்கை நம்பத் தொடங்கியிருந்தேன். விளக்கு பற்றவில்லை, ஆகவே பெற்றோல் இருக்கிறது. வெள்ளவத்தையில் இருந்துகொண்டு இவ்வளவு மொக்குத்தனமாக யோசிக்க என்னால் மட்டும்தான் முடியும் என்றார் மனைவி.

கார் 1993ஆம் ஆண்டினது, ஈஈ 101. டாங்கி 50 லீற்றர் கொள்ளும். முள் எப்போது பழுதானது என்று எனக்குத் தெரியவே தெரியாது. அதற்குக் காரணம் 2022. அந்த ஆடியில் பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர். பெற்றோல் செட்டில் அடித்து முடித்ததும் மீதி எவ்வளவு என்று போனுக்குக் குறுஞ்செய்தி வந்துவிடும். ஒரு லீற்றர் 450 ரூபா விற்ற நாட்களில் பெற்றோல் கணக்கு மனப்பாடமாக இருந்தது. முள்ளைப் பார்க்க யாருக்குத் தேவை? 2023 செப்டெம்பரில் அந்த முறை நின்ற பிறகுதான் திரும்பவும் மீற்றர் பலகையைப் பார்த்தேன். முள் படுத்திருந்தது.

முதலில் காட்டிய கராஜில் பார்த்த உடனேயே மீற்றர் பலகை போய்விட்டது என்றார்கள். பஞ்சிகாவத்தையில் பழைய பலகை ஒன்று தேடி எடுத்து மாட்டினார்கள். புதுப் பலகையிலும் முள் அதே இடத்தில் படுத்தது. இன்னொருவர் டாங்கியையே கழற்ற வேண்டும் என்றார். அவரிடம் விடவில்லை. அந்த மட்டுக்கும் புத்தி இருந்தது.

கொட்டாஞ்சேனையில் ஒரு வயரிங் பாஸ் இருக்கிறார், பழைய ஜப்பான் கார் என்றால் அவரிடம்தான் போகவேண்டும் என்று மச்சான் சொல்ல, கடைசியில் அங்கே போனேன். நாள் செவ்வாய்க்கிழமை என்பதைக் காலிமுகத்திடல் தாண்டியபின்தான் நினைத்தேன். கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் சனம் வீதியில் நின்றது. ராமநாதன் கருங்கல்லில் எழுப்பிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் பக்கம் ஊர்ந்து, ஜம்பட்டா வீதிக்குள் நுழைந்து சேர்வதற்கு, 11 கிலோமீற்றருக்கு ஒன்றேகால் மணித்தியாலம் ஆனது. பின் ஆசனத்தில் ஐந்து லீற்றர் கானில் பெற்றோல். பாஸ் முதலில் கானைத்தான் பார்த்தார்.

"சேர், இத வெளிய எடுத்து வைங்க. அப்புறம் பேசலாம்."

முள் படுப்பதைச் சொன்னேன்.

"சரி. லைட்டு எரிஞ்சிச்சா?"

"எரியேல்லை பாஸ். அதை நம்பித்தான் நடுரோட்டில நிண்டனான்."

"அப்ப மீட்டர் போகல சேர். முள்ளுக்கு ஒரு வயர், லைட்டுக்கு ஒரு வயர். ரெண்டும் ஒரே நேரத்தில பொய் சொல்லுதுன்னா ரெண்டுக்கும் பொதுவா இருக்கிறதத்தான் பார்க்கணும்."

அவர் காரைத் தொடுமுன்னமே விஷயம் முடிந்துவிட்டது. மற்றதெல்லாம் நிரூபணம்.

பின் ஆசனத்தின் மெத்தையைத் தூக்கினார். அடியில் ஒரு தகட்டு மூடி, அதற்குக் கீழே டாங்கியின் மேற்புறமும் ஒரு பிளக்கும். பிளக்கைக் கழற்றி, முள்ளுக்குப் போகும் வயரை ஒரு சின்னப் பல்ப் வழியாகக் காரின் உடம்பில் தொட்டார். நேரே தொடக்கூடாதாம், மீற்றர் கருகிவிடுமாம். முன்னால் இருந்த நான் பார்த்துக்கொண்டிருக்க, முள் அவசரமில்லாமல் ஏறி எஃப் வரை போனது. நான் காசு கொடுத்து மாற்றிய பலகைக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. பழையதற்கும் இருந்திருக்காது.

டாங்கிக்குள் இருக்கும் கருவியை மெதுவாக வெளியே எடுத்தார். கம்பியின் நுனியில் ஒரு மிதவை. அது ஏற இறங்க மின்தடை மாறும். ஓம் மீற்றரில் மேலே 3, கீழே 110, நடுவில் முப்பத்திரண்டைச் சுற்றி. இலக்கங்கள் துள்ளாமல் நகர்ந்தன. அதிலும் பிழையில்லை.

விளக்குக்கு மிதவையோடு சம்பந்தமே இல்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கருவியின் அடியில் விரல்நுனி அளவு குப்பி ஒன்று இருக்கிறது. பெற்றோலில் மூழ்கியிருக்கும்வரை குளிர்ந்து கிடக்கும், கரண்டைச் சரியாகக் கடத்தாது. பெற்றோல் கீழிறங்கினால் தன்னுடைய சூட்டிலேயே சூடாகி, தடை குறைந்து, விளக்கு பற்றும். பாஸ் அதைப் பல்ப்பும் பற்றரியும் வைத்துக் காட்டினார். சில விநாடிகள் ஒன்றுமில்லை. பிறகு பல்ப் மங்கலாகச் சிவந்து பிரகாசமானது. என் கானிலிருந்து கொஞ்சம் பெற்றோலைத் தகரப்பேணியில் ஊற்றி, குப்பியை அதற்குள் இறக்கினார். பல்ப் அணைந்தது. நான் இரண்டு அடி பின்னால் நின்று பார்த்தேன். வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்கவேண்டாம்.

மிஞ்சியது எர்த். கருவியிலிருந்து வரும் எர்த் வயர் ஆசனத்துக்கடியில் ஒரு போல்ட்டில் முறுக்கியிருந்தது. போல்ட் இருந்த இடத்தில் செம்மண் மாதிரித் துரு. நான் கார் விடுவது கடலைப் பார்த்த ஒழுங்கை. முப்பது வருடத்து உப்புக்காற்று எங்கே போகும்? எர்த் விட்டால் முள் வெறுமை என்று படுத்துவிடும், விளக்கோ டாங்கி காய்ந்தாலும் பற்றாது. என் யாழ்ப்பாணத் தமிழும் அவருடைய கொட்டாஞ்சேனைத் தமிழும் அன்றைக்குப் பிசகில்லாமல் ஒத்துப்போனது எர்த் என்ற ஒரு சொல்லில்தான்.

போல்ட்டைக் கழற்றி, சாண்ட்பேப்பரால் தகடு மின்னும்வரை தேய்த்து, கிறீஸ் பூசி இறுக்கினார். பத்து நிமிடம். பலகைக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட அவர் கேட்கவில்லை.

சில கிழமைகளுக்குப் பிறகு கொள்ளுப்பிட்டியில் வைத்து மஞ்சள் விளக்கு பற்றியது. நேரே செட்டுக்குப் போய் நிறைய அடித்தேன். 43 லீற்றர் பிடித்தது. அப்படியென்றால் விளக்கு பற்றும்போது டாங்கியில் 7 லீற்றர் இருக்கிறது. டவுன் ஓட்டத்தில் என் கார் லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும். விளக்கு பற்றிய பிறகும் மூன்று தடவை கொட்டாஞ்சேனைக்குப் போய்வரலாம். இதுவரை ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை.