வேஷம் போட்ட தகப்பன்

கதைக்குள்ளே ஒரு நாடகம் வந்துவிட்டால் ரசிகர்களுக்குக் கொண்டாட்டந்தான். அமெரிக்காவில் 2005 முதல் 2008 வரை 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' என்று ஒரு கார்ட்டூன் தொடர் வந்தது. அது முடியுமுன் ஓர் அத்தியாயத்தில், கதாநாயகர்கள் பகைநாட்டுக் கொட்டகையில் மறைவாக உட்கார்ந்து, தங்கள் கதையையே நடிகர்கள் கோணல்மாணலாக ஆடுவதைப் பார்க்கிறார்கள். நாயகன் வேஷத்தில் ஒரு பெண் வருகிறாள், அவனுக்குக் கோபம். கண் தெரியாத சிறுமியின் வேஷத்தில் ஒரு தடியன் வருகிறான். அவளுக்கோ பரம சந்தோஷம். பழைய கதையை நினைவூட்டத்தான் அந்த நாடகம் என்பது ஒரு கட்சி. ரசிகர்களைக் கேலி செய்யத்தான் என்பது மற்றொன்று. பெரியப்பாவுக்குத் தான் செய்த துரோகத்தை மேடையில் கண்டு முகம் வாடுகிறானே ஓர் இளவரசன், அவனுக்காகத்தான் நாடகமே என்பாரும் உண்டு. நான் அந்தக் கட்சி.

என் தம்பி மகள் இதை விவரித்தபோது எனக்கு மாயா சனகன் ஞாபகம் வந்தது. வால்மீகியில் அவன் கிடையாது. அங்கே வித்யுஜ்ஜிஹ்வன் செய்த ராமனுடைய மாயத் தலையைக் காட்டிச் சீதையைக் கலங்க வைக்கிறார்கள். கம்பன் அதை விட்டுவிட்டு நாடகம் ஒன்றையே போட்டுவிட்டான். யோசனை மகோதரனுடையது, நடிகன் மருத்தன் என்ற அரக்கன், வேஷம், கட்டுண்டு வரும் ஜனகன். 'இராவணனுக்கு இணங்கிவிடு, அம்மா' என்று தகப்பன் மகளிடம் கெஞ்ச வேண்டும். பார்க்கிறவளுக்கு அது நாடகம் என்றே தெரியாது. கட்டுண்டவனைக் கண்டு கதறுகிறாள். அவன் பேச்சைக் கேட்டதும் தகப்பனென்றும் பாராமல் கடிந்து தள்ளுகிறாள்.

சா. கணேசன் 1939-ல் காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கிய பிறகு, கம்பனை வைத்து வழக்காடுவது நம்மவர்களுக்கு ஒரு நல்ல பழக்கமாகிவிட்டது. இந்தப் படலத்துக்கும் கட்சிகள் உண்டு. ஜனகன் அப்படிப் பேசுவானா, சீதை கண்டுபிடித்திருக்க வேண்டாமா என்பார்கள். கற்பின் உறுதியைக் காட்டவே கவி வைத்த சோதனை என்பார்கள். நான் வியப்பது வேறோர் இடம். நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே கும்பகர்ணன் மாண்ட செய்தி வந்துவிடுகிறது. பொய்த் தகப்பனைக் கொண்டுவந்து ஒரு மகளை அழ வைத்தவன், மெய்த் தம்பிக்காக விழுந்து புலம்புகிறான். அந்த அழுகைக்கு ஒத்திகை ஏது?

தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் நடுவே ரயிலடி உள்ள ஊர் பூதலூர். அங்கே ஒரு தை மாதம், சம்பா அறுவடை ஓய்ந்த சமயம், பிள்ளையார் கோயில் வாசலில் ஒரு பெரியவர் இந்தப் படலத்தைச் சொன்னார். சோதனைக் கட்சிக்காரர். கும்பகர்ணனை இரண்டே வார்த்தையில் கடந்துவிட்டார் என்று எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். எனக்கு அத்தை முறையாகும் ஒரு கிழவி தூணோரம் உட்கார்ந்திருந்தாள்.

"பெத்த தகப்பன் ஒருநாளும் அப்படிச் சொல்லமாட்டான். அதனால்தான் அரக்கன் வேஷம் போட வேண்டியிருந்தது" என்றார் பெரியவர்.

"ஏன் சொல்லமாட்டான்?" என்றாள் அத்தை.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவள் யாருக்கோ சொல்வதுபோல என்னிடம் சொன்னாள்: "எங்கப்பாவுக்குக் கையில கட்டு இல்லே தம்பி. மிராசுதார்கிட்ட எழுதிக் கொடுத்த கடன் பத்திரம் இருந்தது. ரெண்டாந்தாரமாப் போயிடும்மான்னு துண்டை விரிச்சுக் கேட்டாரு. எனக்குப் பதினேழு வயசு."

"நீங்க என்ன சொன்னீங்க, அத்தை?"

"நான் என்ன சீதையா? சரின்னுட்டேன்."

பெரியவர் நல்ல மனிதர். ஏதோ சமாதானம் சொல்ல நினைத்து, "கடைசியிலே திரிசடை வந்து, அவன் உன் தகப்பன் இல்லேன்னு சொல்லிடறா, ஆச்சி" என்றார்.

"அவளுக்கு வந்து சொன்னா" என்று சொல்லிவிட்டு, அத்தை வெற்றிலைப் பையைத் துழாவினாள். பெரியவர் சற்றுநேரம் ஏட்டைப் பார்த்தபடி இருந்தார். பிறகு, நாளைக்கு அதிகாயன் வதை என்று அறிவித்துவிட்டுப் புத்தகத்தைக் கட்டினார். வழக்கமாகப் பாடுகிற மங்களத்தை அன்று அவர் பாடவில்லை.