மண் மிதியாத மந்தி

குரங்கிற்குத் தமிழில் பெயர் பல உண்டென்பதை நம் துறை மாணவர் அனைவரும் அறிவர். தொல்காப்பிய மரபியல் குரங்கு, முசு, ஊகம் என்று பிரித்துக் கூறி, அம்மூன்றன் பெண்ணையும் மந்தி என்னும் சொல்லால் சுட்டுகின்றது. ஆண் கடுவன் எனப்படும். இவற்றையெல்லாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம்; தேர்வு முடிந்ததும் மறந்தும் விடுகிறோம். ஆயினும் ஒரு செய்தி நம் சிந்தையில் நின்றுவிட்டது. குரங்கைக் கிளையில் வாழ்வது என்றே அந்நூல் அடைகொடுத்துச் சொல்கிறது. கோயில் மதிலிலும் பேருந்து நிலையக் கூரையிலும் குரங்கைக் கண்டு பழகிய நமக்கு அந்த அடைமொழி பொருளற்றதாகத் தோன்றலாம். அதற்கு முழுப்பொருளாய் விளங்கும் ஓர் உயிர் மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்றும் வாழ்கின்றது.

சிங்கவால் குரங்கு என்பது அதன் வழக்குப் பெயர். ஆங்கிலப் பெயரின் நேர் மொழிபெயர்ப்பாகிய இது நமக்கு அத்துணை உவப்பானதன்று. வால் நுனியில் சிறு குஞ்சம் உண்டு, உண்மைதான். ஆனால் காண்பார் கண்ணில் முதலில் படுவது வாலன்று. கரிய முகத்தைச் சூழ்ந்து நிற்கும் சாம்பல் வெண்மைப் பிடரியே. இயற்கை ஆர்வலர் வழங்கும் சோலைமந்தி என்னும் பெயரே இதற்குப் பொருந்தும். வளர்ந்த ஆண் 10 கிலோவைத் தாண்டுவதில்லை. பெண் அதனினும் சிறியது. தன் இனத்தின் பிற குரங்குகளோடு ஒப்பிட இதனைச் சிறிய உருவினது என்றே கூறவேண்டும். தமிழகம், கேரளம், கருநாடகம் ஆகிய மூன்று மாநிலங்களின் மலைக்காடுகளன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக இது இல்லை. வளர்ந்தவை 2500-க்கும் குறைவு என்பது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் மதிப்பீடு.

மலைமக்கள் நீங்கலாக நம்மவர் பலரும் கருநிறக் குரங்கு எதுவாயினும் கருங்குரங்கு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். நீலகிரிக் கருமந்தி வேறு, சோலைமந்தி வேறு. முன்னது இலை தின்பது. பின்னது கனியும் பூச்சியும் தேடுவது. கருமந்தியின் இறைச்சி ஈளைக்கு மருந்தென்று நம்பி அதனை இலேகியமாக்கி விற்ற காலம் ஒன்றிருந்தது. வேட்டைக்காரன் துப்பாக்கிக்கு இவ்விரண்டும் ஒன்றாகவே பட்டன. பெயரில் மயங்கினால் உயிரிலும் மயங்குவோம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இதன் வாழ்வை அறிய வெடிப்பலா மரத்தை அறிதல் வேண்டும். குறிஞ்சிப் பாடல்களில் வரும் பலாவன்று இது. மழைக்காட்டின் உயர்ந்த மரங்களுள் ஒன்று. காட்டில் கனி அருகிய வறண்ட மாதங்களில் இது கிளையோடு ஒட்டிக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். இதழில்லாத அப்பூவின் சதைப்பற்றே மந்திக்கு உணவு. பூவை உண்ண வரும் விலங்குகளே மகரந்தத்தையும் சுமந்து செல்கின்றன என்று களக்காட்டு மலையில் ஆராய்ந்தோர் கண்டுள்ளனர். பிறகு முள் நிறைந்த காய் வரும். நம் கைகள் தொட அஞ்சும் அக்காயை மந்தி பல்லால் பிளந்து விதையை எடுக்கும். உடனே விழுங்காமல் கன்னப்பைகளில் அடைத்துக்கொண்டு வேறொரு கிளைக்குச் சென்று உண்ணும். அரிக்கும் மயிருடைய கம்பளிப்பூச்சியை இலையில் சுற்றித் தேய்த்து, மயிர் உதிர்ந்தபின் தின்பதையும் ஆனைமலையில் ஓர் ஆய்வாளர் பதிவு செய்திருக்கிறார். அடுக்களையில் மீனை உமியிட்டுத் தேய்க்கும் நம் வீட்டுப் பெண்டிரின் நினைவு நமக்கு வந்தது!

இத்தனையும் மரத்தின் மேலேயே நிகழ்கின்றன. பத்து இருபது உறுப்பினர் கொண்ட ஒரு கூட்டம், பெரும்பாலும் ஒரே கடுவனின் தலைமையில், நாள் முழுதும் கிளைவழியே செல்லும். தாய் ஓர் ஈற்றில் ஒரு குட்டியே ஈனும். அடுத்த ஈற்றுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும். ஆகவே இழந்ததை விரைவில் ஈடுசெய்யும் ஆற்றல் இதற்கில்லை. கிளையும் கிளையும் தொடாத இடத்தில் இதன் உலகம் முடிந்துவிடுகிறது. நமக்கு ஒரு சாலை. அதற்கு ஒரு கடல்.

இக்குரங்கின் பெயர் நாடெங்கும் ஒலித்தது அமைதிப் பள்ளத்தாக்குப் போராட்டத்தின்போதுதான். 1970-களில் பாலக்காட்டு மலையில் குந்திப்புழையின் குறுக்கே மின் அணை கட்டத் திட்டமிட்டனர். குரங்குக்காக மின்சாரத்தை இழப்பதா என்ற ஏளனம் எழுந்தது. ஆசிரியரும் மாணவரும் கவிஞரும் எதிர்த்து நின்றனர். பறவையியல் அறிஞர் சாலிம் அலி தம் முதுமையிலும் அப்பள்ளத்தாக்கிற்குச் சென்று, திட்டத்தைக் கைவிடுமாறு வேண்டினார் என்பதை நம் கல்லூரி மாணவச் செல்வங்கள் அறிந்திருத்தல் நன்று. 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது; 1984-இல் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நம் மாநிலமோ அதற்கு முன்பே, 1976-இல், பெரிதும் இம்மந்தியின் பொருட்டே களக்காட்டைச் சரணாலயமாக்கியிருந்தது.

காடு முழுதாக எஞ்சிய இடங்களின் கதை இது. வால்பாறையின் கதை வேறு. 1890-களில் தொடங்கிப் பெருங்காடு தேயிலைக்கும் காப்பிக்கும் வெட்டப்பட்டது. இன்று பசுங்கடலுக்கு நடுவே தீவுகளைப் போலக் காட்டுத் துண்டுகள் நிற்கின்றன. அவற்றுள் புதுத்தோட்டம் என்பது 100 எக்டேருக்கும் குறைவானது. அதனுள் அகப்பட்ட மந்திகளுக்குப் போக்கிடமில்லை. இறங்கின, சாலையைக் கடந்தன, குப்பைத்தொட்டியைக் கிளறக் கற்றன, தொழிலாளர் வீட்டு ஓட்டைப் பெயர்த்து அடுக்களைக்குள் நுழையவும் கற்றன.

2019-இல் நம் துறை மாணவரோடு கல்விச் சுற்றுலாவாக அங்குச் சென்றிருந்தோம். கல்லூரியின் நலத்தில் என்றும் நாட்டமுடைய ஹாஜியார் ஒருவரும் உடன் வந்திருந்தார். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து புதுத்தோட்டம் அணுகியபோது சாலையோரத்தில் ஒரு கூட்டம் அமர்ந்திருந்தது. மண்ணில் கால் பாவாத மந்தி என்று வகுப்பில் நாம் சொன்ன சொல்லை மாணவர் நினைவூட்டிச் சிரித்தனர். ஹாஜியார் பொள்ளாச்சியில் வாங்கிய வாழைப்பழச் சீப்பை எடுத்தார். அங்கே வண்டிகளை மெதுவாகச் செல்லச் சொல்லும் பணியிலிருந்த இளைஞர் ஓடி வந்தார்.

"ஐயா, பழம் போடாதீங்க."

"வாயில்லா உயிருக்குக் கொடுத்தா நன்மைதானே, தம்பி?"

"கொடுத்துப் பழக்கினா ரோட்டுக்கு வருதுங்க ஐயா. வந்தா வண்டியில அடிபடுது. போன மாசம் தாயும் குட்டியும் போயிடுச்சுங்க."

ஹாஜியார் மறுமொழி கூறவில்லை. ஈகை நம் மரபில் பேரறம். பசித்த விலங்கிற்கு நீர் ஊற்றியவரின் சிறப்பைக் கேட்டு வளர்ந்தவர் அவர். அவருடைய உள்ளத்தில் குறையேதும் இல்லை. ஆனால் அந்த மந்தி பசியால் அங்கு அமர்ந்திருக்கவில்லை. முன்னே வந்த பேருந்துகள் கற்பித்த பழக்கத்தால் அமர்ந்திருந்தது. இளைஞரின் கணக்கே சரி என்று நமக்குத் தோன்றியது. அருகில் கொழுந்துக் கூடையோடு நின்ற அம்மையார், அரிசியைத் தகரப் பெட்டியில் பூட்டி வைத்தும் காக்க முடியவில்லை என்று நொந்துகொண்டார். அவர் நோவிற்கும் நம் பழச் சீப்பிற்கும் தொடர்புண்டு.

இளைஞர் மேலே சுட்டிக் காட்டினார். சாலையின் இருபுறத்து மரங்களையும் இணைத்து ஏணி போன்ற பாலம் ஒன்று தொங்கியது. வனத்துறையும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினரும் சேர்ந்து அத்தகைய பாலங்களை அமைத்துள்ளனர். பேருந்தை நிறுத்திக் கால் மணி நேரம் காத்திருந்தோம். முதலில் ஓர் இளங்கடுவன் கடந்தது. பின்னர் வயிற்றில் குட்டியை அணைத்த மந்தியொன்று, கீழே நின்ற நம்மை ஒருமுறை நோக்கிவிட்டு, அக்கரை சேர்ந்தது. மாணவர் எவரும் பேசவில்லை.

மலையிறங்கி ஆழியாறு வரும்வரை பழச் சீப்பு ஹாஜியாரின் மடியிலேயே இருந்தது.