ஏலகிரியில் ஒரு கூடார இரவு: செருப்பை வரிசையாக வைத்துவிட்டுத் தூங்கிய மகள்!

"காசு குடுத்து யாராவது கொட்டாயில போய்ப் படுப்பாங்களா?" என்று கேட்டார் என் மாமியார். 'கிளாம்பிங்' என்றால் என்னவென்று அவருக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கூடாரம்தான், ஆனால் உள்ளே கட்டில், மெத்தை, கம்பளி, விளக்கு எல்லாம் இருக்கும். ஒட்டியே குளியலறை, வெந்நீர். "அப்போ ரூமே எடுத்துடலாமே!" என்றார். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் எனக்கு ஒரு காரணம் இருந்தது.

எங்கள் வீடு எர்ணாவூரில். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எங்கள் பகுதிக்குள் புகுந்தது. அந்த அழுக்கைக் கழுவி முடிப்பதற்குள், டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிய, மூச்சு முட்ட எழுந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பைக்கில் திருவொற்றியூர் பக்கம் போனோம். யார் காலிலும் செருப்பில்லை. விடியும்வரை சாலையோரம்தான். மகளுக்கு அப்போது ஆறு வயது. மகனுக்கு மூன்று, அவனுக்கு வீசிங் வேறு.

அதன்பிறகு மகளுக்கு ஒரு பழக்கம் வந்தது. படுக்கப் போகும்முன் எல்லோருடைய செருப்பையும் வாசலைப் பார்த்து வரிசையாக வைப்பாள். ராத்திரி வெளியே இருப்பதென்றால் அவளுக்கு அந்த ஒரு நாள்தான். வெளியில் கழியும் ராத்திரி சந்தோஷமாகவும் இருக்கும் என்று அவளுக்குக் காட்ட ஆசைப்பட்டேன்.

2025 ஜனவரி 25, சனிக்கிழமை. சென்ட்ரலிலிருந்து காலை பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் ஜோலார்பேட்டைக்குக் கிளம்பினோம். வாலாஜா ரோடு ஸ்டேஷனைத் தாண்டும்போது, "தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் 1856ல நம்ம ராயபுரத்துல இருந்து இங்கதான் வந்துச்சு" என்று இவர் சொல்ல, "நம்ம ராயபுரமா?" என்று மகளுக்கு ஒரே பெருமை.

ஜோலார்பேட்டையிலிருந்து வண்டி பிடித்து மலையேறினோம். ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், கடையெழு வள்ளல்கள் பெயர்களை அவற்றுக்கு வைத்திருக்கிறார்கள். பலகைகளை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்ததில், வாந்தி எடுக்க வேண்டும் என்பதையே மகள் மறந்துபோனாள்.

ஆறு மணிக்கெல்லாம் குளிர் இறங்கிவிட்டது. கேம்ப் ஃபயர் மூட்டினார்கள். புகை மகனுக்கு ஆகாது என்பதால் நாங்கள் தள்ளி, காற்று வரும் பக்கமாக உட்கார்ந்தோம். தை அமாவாசைக்கு நான்கு நாள்தான் இருந்ததால் நிலா இல்லை. வானம் முழுக்க நட்சத்திரம். எங்கள் பக்கத்து இரவில் மணலி தொழிற்சாலைகளின் வெளிச்சமும் தீச்சுவாலையும், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் விளக்கும்தான் தெரியும். "அந்த சிவப்பா மினுக்குறதுதான் திருவாதிரை, கொத்தா இருக்கே, அது கார்த்திகை" என்று இவர் காட்டினார். கார்த்திகையை ஆறு வரை எண்ணிவிட்டாள் மகள். பக்கத்து ஜவ்வாது மலையில், காவலூரில் வைணு பாப்பு தொலைநோக்கி மையத்தை அமைத்ததும் இந்த இருட்டுக்காகத்தான்.

கூடாரத்துக்குள் போனதும் செருப்புகள் வரிசைக்கு வந்துவிட்டன. பிறகு கேட்டாள்: "ம்மா, ராத்திரி கேஸ் வந்தா இந்த ஜிப்பை யாரு திறப்பாங்க?"

எனக்குத் தொண்டை அடைத்தது. இவர் எழுந்து விளக்கை அணைத்தார். "நீயே திற, பார்க்கலாம்" என்றார். இருட்டில் தடவித் தடவி ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். பத்துத் தடவையாவது இருக்கும். பிறகு தம்பிக்கும் சொல்லிக்கொடுத்தாள். "இப்ப எனக்குத் தெரியும்" என்று கம்பளிக்குள் புகுந்தவள், காலை வெயில் துணியில் அடிக்கும்வரை எழவில்லை. மகன் ஓரிரு முறை இருமினான். இன்ஹேலர் எடுக்கவேண்டி வரவில்லை.

சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். குளியலறை கூடாரத்தோடு சேர்ந்திருக்கிறதா, இரவில் கரன்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா, அருகில் மருத்துவமனை எது என்று முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள். குல்லா, சாக்ஸ், டார்ச், வழக்கமான மருந்துகள் கையோடு இருக்கட்டும். தின்பண்டங்களைத் திறந்துவைத்தால் எறும்பும் குரங்கும் வரும். முக்கியமாக, ஜிப்பைத் திறக்கப் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுங்கள்.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் இரவு மகள் என்னை மொட்டை மாடிக்கு இழுத்துப் போனாள். திருவாதிரை தெரிந்தது. கார்த்திகை இருந்த இடத்தில் மங்கலாக ஒரு வெளிச்சம் மட்டும். "இங்கயும் ஆறு இருக்குதான, லைட்டுதான மறைக்குது?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். செருப்பை இன்னமும் வரிசையாகத்தான் வைக்கிறாள். ஆனால் அடுத்த லீவுக்கு எங்கே கூடாரம் என்று கேட்கவும் ஆரம்பித்துவிட்டாள். இந்த முறை பாட்டியும் வரவேண்டுமாம். மாமியார் இன்னும் சரி என்று சொல்லவில்லை. குல்லா மட்டும் வாங்கி வைத்திருக்கிறார்.